அம்மா செத்த படம்

முட்டி தேய்ந்து, மருந்து டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. பேய்ப்படம் என்றால் அவர்கள் போனில் பாதி பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். தாராவியில் ரேஷன் அரிசிக்குப் பையோடு வரிசையில் நின்ற காலத்தில் நீங்கள் அங்கே இருந்திருந்தால், கோயில் மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டிய ஒரு பேய்ப்படம் ஞாபகம் இருக்கலாம். அது மொத்தமே இரண்டு இடத்தில்தான் ஓடியது. முதலில் மாதுங்காவில், பிறகு தாராவியில். அதில் செத்துப்போகிறவள் என் அம்மா.

எடுத்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. தாதர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் விளக்கு தூக்குகிற வேலை அவருக்கு. எங்கள் கோலி, பம்பாயில் வீட்டுக்கு அதுதான் பேர், ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, நான், மூலையில் சுருட்டிய பாயோடு சித்தப்பா. விளக்குப் பிடித்துப் பிடித்து அவருக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். “மதினி, ஒரு படம். ஒரே ஒரு படம் எடுத்துட்டேன்னா என்னை எவனும் ஏலேன்னு கூப்பிட மாட்டான்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பா மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அவரும் நம்பினார். தம்பி பெரிய ஆளாகிவிடுவான் என்று எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர் அப்பாதான்.

சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு சின்னக் கேமராவை ஸ்டுடியோவில் யாரிடமோ இரவல் வாங்கினார். மற்றவர்கள் கழித்துப்போட்ட துண்டு பிலிமைச் சேர்த்து வைத்தார். சத்தம் பிடிக்கிற வசதியெல்லாம் கிடையாது. படம் ஓடும்போது பக்கத்தில் நின்று மைக்கில் அவரே கதை சொல்வது என்று ஏற்பாடு. தோல் கிடங்கு வைத்திருந்த காயல்பட்டணத்து பாய், வெள்ளிக்கிழமைகளில் கிடங்கை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த நாற்றத்தில்தான் படம் முழுக்க எடுத்தார்கள். இன்றைக்கும் தோல் செருப்புக் கடைக்குள் போனால் எனக்கு அம்மா பிணமாகப் படுத்திருந்ததுதான் முதலில் ஞாபகம் வரும்.

கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தங்கை, ஓர் அண்ணன். ஏதோ சண்டையில் அண்ணன் அவளை எட்டிப் பார்ப்பதில்லை. அவள் பட்டினியில் செத்துப்போகிறாள். அதன்பிறகுதான் அண்ணன் வந்து கோடி போடுகிறான். அந்தக் கோடிச் சேலையோடு அவள் பேயாக அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, “பசிக்குது, சோறு போடு” என்கிறாள். அவன் இலை போட்டுப் பரிமாறுகிறான். அவள் அள்ளி அள்ளித் தின்கிறாள். இலையில் சோறு மட்டும் குறையவேயில்லை. அவ்வளவுதான் கதை.

கோடி என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமான பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கையால் ஒரு புதுச்சேலை வந்து அவள்மேல் விழ வேண்டும். பிறந்த வீடு அவளுக்குச் செய்கிற கடைசிச் சீர் அது. அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து அவளுக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை.

தங்கையாக நடிக்க வந்த பெண் கிடங்கு வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு அதே டாக்சியில் திரும்பிப் போய்விட்டாள். சித்தப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். எடுக்க முடியாமல் போனால் தண்டவாளத்தில் தலையைக் கொடுப்பேன் என்று ஏதேதோ பேசினார். அம்மாவுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. “படுத்துக் கெடக்கதுதான தம்பி? நான் படுக்கேன்” என்றாள். அப்பாவும் சரி என்றார். இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணனாக நடிக்க ஸ்டுடியோவிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான். அது எப்படியோ மாமா காதுக்குப் போய்விட்டது. மாமா அம்மாவின் ஒரே அண்ணன். கல்லி என்று நாங்கள் சொல்கிற எங்கள் சந்து முனையில் மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. பம்பாயில் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த மளிகைக் கடைதான். தராசைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிடங்குக்கு வந்து நின்றார்.

“எவம்ல அவன், எந்தங்கச்சிக்குக் கோடி போடுதவன்?”

“அண்ணாச்சி, இது நடிப்பு” என்றார் சித்தப்பா.

“நடிப்போ கிடிப்போ. கூடப்பொறந்தவன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். ஊரான் கையால அவ கோடி வாங்குனா, அவளுக்கு நாதியில்லன்னுல்லா ஆயிரும்? அது அபசகுனம். நானே போடுதேன்.”

பாய் மட்டும் ஓரமாக நின்று, “வேணாம் அண்ணாச்சி. ஒரு பழைய துணியப் போட்டு எடுங்க. இல்லன்னா தலையணையப் படுக்க வச்சு எடுங்க” என்று சொல்லிப் பார்த்தார். மாமாவுக்கு அது அவமானமாகப் பட்டது. தங்கச்சிக்குப் பழைய துணியா? மறு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, துண்டை இடுப்பில் கட்டி, தட்டில் புதுச்சேலையும் பூவுமாக வந்தார். அரக்கு நிறத்தில் பச்சைக் கரை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்கு அரக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முறைப்படி நடந்து வந்தார், முறைப்படி விரித்துப் போட்டார், போட்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். சித்தப்பா கேமராவை நிறுத்தவேயில்லை. முடிந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து முந்தானையைத் தடவிப் பார்த்து, “சேலை நல்லாருக்குண்ணே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே கல்லிப் பெண்களுக்கெல்லாம் அந்தச் சேலையை விரித்துக் காட்டினாள். அப்போது அம்மா வயிற்றில் என் தம்பி இருந்தான், அது அவளுக்கே தெரியாது.

சோறு குறையாத மாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஐந்தாறு வாய் தின்றதும் கேமராவை நிறுத்துவார்கள். மாமாவின் பெண்சாதி, என் அத்தை, குண்டானிலிருந்து சோறு எடுத்து இலையில் பழையபடி குவிப்பாள். மறுபடி கேமரா ஓடும். அத்தைக்கு அந்த வேலையில் ஒரே பெருமை. “நான் வச்சாத்தான் பேய் திங்கும்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாதுங்காவில் ஒரு சபா ஹாலில் முதலில் காட்டினார்கள். உள்ளே எல்லாம் ஆபீஸ் மனிதர்கள், இஸ்திரி போட்ட சட்டைகள், மல்லிகைப்பூ வாசனை. சித்தப்பா மைக்கில் “அன்னா வாறா, தங்கச்சி வாறா” என்று ஆரம்பித்ததுமே பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. பேய் வந்ததும் ஹாலே சிரித்தது. “பேய்க்கு நல்ல பசி போலிருக்கே!” என்று ஒருவர் சொல்ல, அதற்கு ஒரு கைதட்டல். வெளியே வரும்போது ஒரு பெரியவர் சித்தப்பாவின் தோளைத் தட்டி, “காமெடி ரொம்ப நன்னா வந்திருக்கு, சார்” என்றார். அவர் கேலி செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அவர் செத்துவிடுவாரோ என்று எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. “நம்ம சனத்துக்குக் காட்டுவோம்ல. அவங்களுக்குத்தான் புரியும்” என்றார் அப்பா. ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அப்படியே பலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைத்ததும் மைதானத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வேட்டி கட்டினார்கள். கல்லியே திரண்டுவிட்டது. பெண்கள் ஒரு பக்கம். அம்மாவும் நானும் பக்கத்து வீட்டுப் பெரியம்மையை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். கல்லியில் எந்த இழவு விழுந்தாலும் ஒப்பாரியை எடுத்துக்கொடுப்பது அந்தப் பெரியம்மைதான். அம்மாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பெரியம்மை அவளுக்குச் சாய்ந்துகொள்ளத் தன் தோளைக் கொடுத்திருந்தாள்.

கோடி போடுகிற இடம் வந்தது. சித்தப்பா ஏனோ அங்கே பேசவில்லை. மிஷின் ஓடுகிற கடகடப்பு மட்டும் கேட்டது. வேட்டித் திரையில் எங்கள் மளிகைக்கடை மாமா ஈரத்தலையோடு நடந்து வருகிறார். எங்கள் அம்மா கண் மூடிக் கிடக்கிறாள். சேலை விழுகிறது. மாமா குலுங்குகிறார். கூட்டத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு எனக்குப் பக்கத்திலிருந்தே அது கிளம்பியது.

“அண்ணன் கொண்டாந்த அரக்குச் சேலையை
என்னப் பெத்தவளே, எந்திரிச்சுக் கட்டலியே...”

பெரியம்மை எடுத்துக்கொடுத்ததும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மாரில் அடித்துக்கொண்டார்கள். அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். “பெரியம்மை, நான் இங்கதான இருக்கேன்! பெரியம்மை!”

பெரியம்மை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கப்போவதில்லை. தோளை மெல்ல உருவிக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்தவளும் தள்ளி உட்கார்ந்தாள். எங்களைச் சுற்றி வெறும் மண் தெரிந்தது. சோறு குறையாத இடம் வருவதற்குள் பாதி சனம் எழுந்து போய்விட்டது. இழவு வீட்டிலிருந்து யாரும் போயிட்டு வாறேன் என்று சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள் இல்லையா? அன்றைக்கு ஒருத்திகூட அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. போனவர்கள் அவரவர் வாசலில் சேர்த்து வைத்திருந்த தண்ணீரை மொண்டு தலை முழுகினார்கள். நாங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது கல்லி முழுக்க அந்தத் தண்ணீர் சத்தம் கேட்டது.

யாரும் அம்மாவைத் திட்டவில்லை, ஒதுக்கி வைக்கவுமில்லை. குழாயடியில் அவள் வந்தால் வழி விட்டார்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை குங்குமம் கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. வாயும் வயிறுமாக இருப்பவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஏதாவது கட்டிக்கொண்டு வருவார்களே, அதுவும் வரவில்லை. அப்பா போய்க் கேட்டார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று, “கடைசிச் சீரைச் செஞ்ச வீட்டுலேருந்து இனி எப்படி அண்ணாச்சி சோறு கொண்டாருதது? பாவம்லா பிடிக்கும்” என்றாளாம். மாமா தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இலையில் சோறு குவித்தவளே அத்தைதான். கண்கட்டு என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் பயந்தாள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அம்மாவுக்குச் சோறு இறங்குவது நின்றுபோனது. மசக்கை என்றார் அப்பா. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். அரிசி கிடைக்காத காலத்தில் அவளுக்கென்று வடித்த சோறு தட்டில் ஆறிக் கிடக்கும். கை எலும்பு துருத்தி வளையல் முழங்கை வரை ஏறியது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, என்னையக் கொஞ்சம் கிள்ளிப் பாரு” என்றாள். கிள்ளினேன்.

“வலிக்காம்மா?”

“தெரியலயே மக்கா. வயித்துப்பிள்ளையும் ரெண்டு நாளா அசையல. நான் செத்துட்டனோன்னு இருக்கு.”

எனக்கு ஒன்பது வயது. யாரிடம் போய் இதைச் சொல்வது? கதவிடுக்கில் உட்கார்ந்து அழுதேன்.

இதைக் கேட்டுவிட்ட சித்தப்பா பிலிம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்துவிட்டார். எதிர்வாசலில் இருந்து பெரியம்மை போட்ட கூச்சலில் கல்லியே கூடிவிட்டது. “அடப் பாவி! கோடி போட்டாச்சு, ஒப்பாரி வச்சாச்சு. இப்ப தீயும் வைக்கப் போறியால? வயித்துப்பிள்ளையோட கொள்ளி வைக்கப் போறியா?” சித்தப்பாவின் கையிலிருந்து தீக்குச்சி விழுந்தது. அப்பா டப்பாவைப் பிடுங்கிப் பரணில் போட்டார். எரித்தால் அம்மா போய்விடுவாள், வைத்திருந்தால் செத்த அம்மா தலைக்கு மேலேயே கிடப்பாள். எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் அண்ணனும் தம்பியும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அதையெல்லாம் அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். பெட்டியைத் திறந்து அந்த அரக்குச் சேலையை எடுத்துக் கட்டினாள். மடிப்புக்கூடச் சரியாக வைக்கத் தெம்பில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லியில் நடந்தாள். பார்த்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். அம்மா மாமா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, பசிக்குது. சோறு போடு.”

படத்தில் பேய் சொன்ன அதே வார்த்தை. அத்தை ‘ஐயோ’ என்று அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமா கடைக்குள்ளிருந்து வந்து அம்மாவைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். கடையில் விற்க வைத்திருந்த இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவித் தரையில் போட்டார். குண்டானிலிருந்து அவர் அள்ளிப் போட்டதில் சோறு இலைக்கு வெளியேயும் விழுந்தது.

அம்மா முதல் வாயை வைத்ததும் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இன்னொரு வாய். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“மதினி, கிட்ட வாங்க” என்றாள் அம்மா. “அன்னைக்கு நீங்கதான திரும்பத் திரும்ப வச்சிய? இன்னைக்கு வைக்காதிய. சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. கொறயுதா, கொறயலயா? நீங்க சொல்லுங்க.”

அம்மா தின்றாள். பசிக்குத் தின்கிற தீனி இல்லை அது. அழுது, விக்கி, குமட்டியதை அடக்கி, கையால் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டு தின்றாள். இலையின் பச்சை தெரிய ஆரம்பித்தது. வெளியே சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கி வாயில் போட்டாள். “இன்னும் போடுண்ணே” என்றாள். குண்டானில் இருந்தது முழுவதையும் மாமா வழித்துப் போட்டார். அதுவும் குறைந்தது.

முதலில் பேசியது பெரியம்மை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரோடு உள்ளே வந்தாள். “ஏளா, மெதுவாத் தின்னு. விக்கிக்கிடப் போவுது” என்று சொல்லி அம்மாவின் தலையைத் தட்டிக்கொடுத்தாள். தொட்டுவிட்டாள். மாமா வெறும் இலையைக் கையில் எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். “கொறஞ்சிட்டு! பாத்துக்கிடுங்க, கொறஞ்சிட்டு!” என்று கத்தியவர், அந்த எச்சில் இலையை மடியில் வைத்துக்கொண்டு தலையில் அடித்து அழுதார்.

தம்பி குறைமாதத்தில் பிறந்தான், எலிக்குஞ்சு மாதிரி. பிழைத்துக்கொண்டான். சித்தப்பா அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அதற்குப்பின் சினிமாக் கொட்டகைப் பக்கமே அவர் போனதில்லை. பரணிலிருந்த பிலிம் மழையில் நனைந்து ஒட்டிக் கட்டியாகிவிட்டது. டப்பா நல்ல டப்பா என்று அம்மா அதில் அப்பளம் போட்டு வைத்தாள். அந்த அரக்குச் சேலையைக் கட்டிக் கட்டி, கிழிந்தபிறகு தம்பிக்குத் தூளி கட்டினாள்.

அம்மா நிஜமாகவே போனது போன வருஷம். சான்பாடாவில், தம்பியின் பிளாட்டில், நிறைந்த வயதில். மாமா இன்னும் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிய மனிதரைப் பேரன் காரில் கொண்டுவந்து இறக்கினான். மடியில் ஒரு துணிக்கடைப் பை. கோடி வந்துவிட்டது, போடுங்கள் என்று எல்லாரும் அவசரப்பட்டார்கள். மாமா பையைப் பிரிக்கவில்லை.

“ஒரு இலையில கொஞ்சம் சோறு கொண்டா” என்றார் என்னிடம்.

சாவு வீட்டில் அடுப்பு ஏது? பெரியவருக்குப் பசி போலிருக்கிறது என்று பக்கத்து பிளாட்டில் கேட்டு வாங்கினார்கள். இலை இல்லை, தட்டில்தான் கொடுத்தார்கள். மாமா அதை அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று யாரோ இந்தியில் சொன்னார்கள். தம்பி அவரை எழுப்ப வந்தான், நான் தடுத்தேன். வெகுநேரம் ஆயிற்று.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, மருமவளே” என்றார் மாமா. “நீ பாத்துச் சொல்லு. கொறயுதா?”

குனிந்து பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது.

“கொறயல மாமா” என்றேன்.

அதன்பிறகுதான் அவர் பையைப் பிரித்தார்.